லேபிள் பக்கத்துத் துண்டு

போன வாரம் தேன்மொழி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். நான் ரிட்டையரான ஆஸ்பத்திரி லேபில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். போட்டோவில் ஒரு ஸ்லைடு. லேபிள் ஒட்டிய ஓரத்தில் தீக்குச்சி மாதிரி ஒரு சதைத் துண்டு, காப்பிப்பொடி நிறத்தில். அதே கண்ணாடியில் கொஞ்சம் தள்ளி இன்னொரு துண்டு, யாரோ ஒரு நோயாளியுடையது. பேரை விரலால் மறைத்திருந்தாள். கீழே கேட்டிருந்தாள்: "அக்கா, லேபிள் பக்கத்துல இருக்குற கன்ட்ரோல் யாருது? மெழுகு பிளாக்ல வெறும் நம்பர்தான் இருக்குது. சௌந்தரிக்காவைக் கேளு, அது பெரிய கதைன்னு எல்லாரும் சொல்றாங்க."

பெரிய கதைதான். போனில் சொன்னால் வாசலில் ஓடுகிற ஈ.சி.ஆர். பஸ் சத்தத்தில் பாதி போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். தேன்மொழி, படித்துவிட்டு மற்றவர்களுக்கும் காட்டு.

நான் மரக்காணத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளக் கூலி. பிளஸ் டூ முடித்ததும் எங்கள் சர்ச் பாதர் சொல்லி லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தார்கள். படித்தேன், பாஸ் செய்தேன், புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படிப்புக் கதை அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவுக்கு நான் இன்றைக்கும் ரத்தம் எடுக்கிற சௌந்தரி. சத்தியமாகச் சொல்கிறேன், என் சர்வீஸில் ஒருத்தருக்கும் ஊசி குத்தியதில்லை. நான் இருந்தது பெத்தாலஜியில். நோயாளி உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குக் கொடுக்கிற வேலை. ஒரு தரம் இதை விளக்கப்போய், எதிர்வீட்டம்மா "அப்போ கறிக்கடை மாதிரியா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ரத்தம் எடுக்கிறவளாகவே இருந்துவிட்டேன்.

எங்கள் டிபார்ட்மென்ட் தலைவர் டாக்டர் அமீருதீன். ஒல்லி மனிதர், குரல் எழும்பாது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்லைடு வந்தால் கூட வந்த பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். வயசு என்ன, எங்கே கட்டி, வார்டு டாக்டர் என்ன நினைக்கிறார், எதையும் படிக்க மாட்டார். முதலில் கண்ணாடி, அப்புறம்தான் காகிதம். "பேப்பரைப் படிச்சிட்டுப் பார்த்தா, பேப்பர்ல இருக்குறதுதாம்மா கண்ணுக்குத் தெரியும்" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல மனநிலையில் "ஏம்மா சௌந்தரி" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "மேடம், கொஞ்சம் வர்றீங்களா?" என்றாரானால் எங்கே தப்பு பண்ணினேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். திட்டுகிற ஆளையாவது திருப்பித் திட்டலாம். இப்படி "ங்க" போடுகிறவரை என்ன செய்வது?

ஒருநாள் ஐஸ்பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் வந்தது. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைவிடக் குறைச்சலாகத்தான் உள்ளே தண்ணீர் மாதிரி என்னமோ இருந்தது. டாக்டர் நடத்திய ஒரு ஆராய்ச்சிக்காக வாங்கியது. மேலேயே எழுதியிருந்தது, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று. விலையைக் கேட்டதும் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இது எதைப் பிடிக்கும் சார்?" என்றேன்.

"டிடிடின்னு ஒரு என்சைம். டி.என்.ஏ. எழுதுற என்சைம்" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் பாடம் என்று அர்த்தம். "ஏம்மா, நம்ம உடம்புல டி.என்.ஏ. எழுதுற மத்த என்சைமெல்லாம் காப்பியடிக்கிற பசங்க. பழைய இழையைப் பார்த்துப் பார்த்துப் புது இழை எழுதுவானுங்க. இவன் ஒருத்தன் மட்டும் எதையும் பார்க்காம எழுதுறான்."

"பார்க்காம எழுதுனா தப்பாப் போயிடாதா சார்?"

"அவனுக்குத் தப்பு, சரியே கெடையாது. நோயை எதிர்க்குற வெள்ளை அணு குட்டியா இருக்கும்போது தன்னோட ஜீனைத் தானே வெட்டி ஒட்டிக்கும். அந்த ஒட்டுப்போட்ட எடத்துல இவன் வந்து, தோணுன எழுத்தைச் சொருவிட்டுப் போயிடுவான். அதனாலதான் ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு தினுசா இருக்குது. இன்னும் இந்த உலகத்துக்கே வராத ஒரு நோய்க்கு உன் உடம்புல இன்னைக்கே எவனோ ஒருத்தன் தயாரா உக்காந்திருக்கான்."

நான் பாட்டிலை மறுபடி தூக்கிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"இதைக் கேளு. இந்த பாட்டில்ல இருக்குறது ஆன்டிபாடி. எலி ஒண்ணுக்கு அந்த என்சைமை ஊசி போட்டு, அதை எதிர்த்து எலியோட அணு செஞ்சது. அந்த எலி அணுவும் குட்டியா இருந்தப்போ இதே என்சைமை வச்சுத்தானே தன்னை எழுதிக்கிச்சு? அப்போ, அவனைப் பிடிக்கிற கையைச் செஞ்சு குடுத்ததே அவன்தான்."

"கர்த்தரே!" என்றேன், என்னையறியாமல். அவர் சிரித்தார். "அவரையும் சேர்த்துக்கோ" என்றார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாத்தி பாத்தியாக வெள்ளை. நிறுத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை, கண்டக்டர்தான் சத்தம் போட்டு இறக்கிவிட்டார்.

நம் வேலைக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த என்சைம் குட்டி அணுவில் மட்டும் இருக்கும், அணு வளர்ந்ததும் காணாமல் போகும். குட்டி அணுக்கள் வளர மாட்டேன் என்று அடம்பிடித்துப் பெருகிக்கொண்டே போனால் அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதனால் ஒரு கட்டியில் இந்த என்சைம் கூட்டமாகத் தெரிந்தால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

ஆனால் டாக்டர் அமீருதீன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "பாட்டில் மேல எழுதியிருக்குறது வியாபாரம். நம்ம கண்ணாடியில தெரியட்டும்" என்று சொல்லி எங்களைப் படுத்தி எடுத்தார். முதலில் மெழுகு எடுக்க வேண்டும். பிறகு ஸ்லைடை ஒரு கரைசலில் போட்டு வேகவைக்க வேண்டும், அப்போதுதான் மூடிக்கிடக்கிற என்சைம் முகத்தைக் காட்டும். அதற்கு எங்களிடம் இருந்தது சமையல்கட்டுக் குக்கர்தான், சாட்சாத் சாம்பார் வைக்கிற குக்கர். எத்தனை விசில் என்பதற்கு லேபில் பெரிய சண்டையே நடந்தது. பிறகு ஆன்டிபாடி ஒரு சொட்டு, கழுவல், அடுத்த மருந்து, மறுபடி கழுவல், கடைசியில் பழுப்புச் சாயம். என்சைம் இருக்கிற அணு பழுப்பாகும், இல்லாதது நீலமாக நிற்கும். இப்போது இதையெல்லாம் மெஷின் செய்கிறது. நல்லது, மகராசியாகச் செய்யட்டும். கைவேலை போச்சே என்று மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. அந்தக் குக்கர் ஆவியில் வெந்தது என் கை, உங்கள் கை இல்லை.

மெஷின் வந்தும் மாறாத விஷயம் கன்ட்ரோல். ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் துண்டோடு, என்சைம் கட்டாயம் இருக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டையும் ஒட்ட வேண்டும். அது பழுப்பானால்தான் நோயாளியின் துண்டு சொல்வதை நம்பலாம். அது பழுப்பாகாவிட்டால் மருந்தில் கோளாறு, ஸ்லைடைத் தூக்கிக் குப்பையில் போடு. எங்கள் லேபில் கன்ட்ரோல் எப்போதும் லேபிள் பக்கம்.

இந்த என்சைமுக்குச் சரியான கன்ட்ரோல் தைமஸ். நெஞ்சுக்குள்ளே, இதயத்துக்கு மேலே இருக்கிற உறுப்பு அது. குட்டி அணுக்கள் படிக்கிற பள்ளிக்கூடம் என்பார் டாக்டர். அங்கே இந்த என்சைம் இருப்பதுதான் நியாயம். கைக்குழந்தைக்கு இதய ஆபரேஷன் செய்யும்போது வழியில் இருக்கிற தைமஸில் கொஞ்சம் எடுப்பார்கள். அப்படி ஒரு குழந்தையின் துண்டு எங்களுக்குக் கிடைத்திருந்தது. அடுத்தது எப்போது கிடைக்குமோ? அதனால் நான் ஒரு வேலை செய்தேன். முழுசாகப் பதிக்காமல், தீக்குச்சி தீக்குச்சியாக நறுக்கி, ஒவ்வொரு குச்சியாகப் பதித்துச் செலவழித்தேன். உப்பளத்து வீட்டில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி வளர்ந்தவள் நான். அந்தச் சிக்கனம்தான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

வார்டிலிருந்து ஒரு பயாப்ஸி வந்தது. நெஞ்சுக்குள் பெரிய கட்டி, ஊசி விட்டு எடுத்தது. ஊசியில் எடுத்த சதையும் தீக்குச்சி மாதிரிதான் இருக்கும், கவனி. முதல் ஸ்லைடைப் பார்த்த இன்னொரு டாக்டர், குட்டி அணுக் கூட்டம், ரத்தப் புற்றாகத்தான் இருக்கும், டிடிடி போடுங்கள் என்று எழுதிவிட்டார். மேலே கேன்சர் டாக்டர்கள் மருந்தோடு தயாராக நின்றார்கள். பழுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆரம்பித்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் போகிற கடுமையான வைத்தியம் அது. அந்த ஆளுக்கு மல்லாந்து படுக்கக்கூட முடியாமல் மூச்சு வாங்கியது, அதனால் அவசரம்.

குக்கர் வைத்தேன், சொட்டு விட்டேன், சாயம் போட்டேன். ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் பேப்பரைக் கவிழ்த்துவிட்டு ஸ்லைடைப் பார்த்தார். இந்த ஓரம் போனார், அந்த ஓரம் போனார், திரும்ப இந்த ஓரம் வந்தார்.

"மேடம்" என்றார்.

மைக்ராஸ்கோப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பக்கமும் கன்ட்ரோலையே ஒட்டிட்டீங்களா?"

"இல்ல சார்."

"ரெண்டும் தைமஸ் மாதிரியே இருக்குதுங்க. நீங்க கன்ட்ரோலைக் குச்சி குச்சியா வெட்டி வச்சிருக்கீங்க. ஊசித் துண்டும் குச்சி. கை மாறியிருக்கலாம் இல்லீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "கை மாறுறதுக்கு நான் என்ன சார், மீன் கூறு போடுறவளா? நோயாளி பிளாக் தனி, கன்ட்ரோல் பிளாக் தனி. இத்தனை வருஷத்துல ஒரு தரம் மாத்தியிருக்கேனா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து ரூமில் டைப் அடிப்பது நின்றுவிட்டது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "அப்படி மாறியிருந்தா அந்த ஆளைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். அதுதான் என்னைக் குத்தியது. நான் மாற்றியிருந்தால், யாரோ ஒரு குழந்தையின் நல்ல தைமஸைப் பார்த்து ஒரு பெரிய மனுஷனுக்குக் கேன்சர் மருந்து ஏற்றுவார்கள். கத்தி முடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாற்றிவிட்டேனோ?

மறுபடி சீவிப் பார்க்க வேண்டும். நோயாளியின் பிளாக்கில் மிச்சம் இருந்தது நகக்கண் அழுக்கு அளவு. அது கிழிந்தால் படுக்க முடியாத அந்த ஆளின் நெஞ்சில் மறுபடி ஊசி விட வேண்டும். டாக்டர் என் பின்னாலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இதற்கு முன் அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை. நான் பிளாக்கை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, சீவுகிற மெஷினில் மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினேன். மெழுகுச் சீவல் பிளேடு விளிம்பில் சுருண்டு நின்றது. தூரிகை நுனியால் அதைத் தூக்கும்போது மூச்சுவிடக்கூட பயம், என் மூச்சுக் காற்றுக்கே அது பறந்துவிடும். ஏசுவே, கையை நடுங்கவிடாதே என்று உள்ளே சொல்லிக்கொண்டே வெந்நீரில் மிதக்கவிட்டேன். விரிந்தது. இரண்டே சீவல் தேறியது. பிளாக் தீர்ந்தது.

அந்த ஸ்லைடில் கன்ட்ரோலை நான் பக்கத்தில் விடவில்லை. கன்ட்ரோல் தனி ஸ்லைடு, தனி டப்பா, மேஜையின் அந்தக் கோடியில். அதுவும் அந்தக் குழந்தையின் கடைசிக் குச்சி. நோயாளியின் சீவல் தனியாகக் கண்ணாடியில் நின்றது. குக்கர், சொட்டு, கழுவல், சாயம். மத்தியானம் ஒருத்தரும் சாப்பிடவில்லை.

டாக்டர் பார்த்தார். ரொம்ப நேரம் தலையை எடுக்கவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"ஏம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது.

"நீ ஒண்ணும் மாத்தலம்மா. இது அந்த ஆளோடதுதான். ஆனா தைமஸ்தான்."

எனக்குப் புரியவில்லை. மிச்சமிருந்த இன்னொரு சீவலை எடுத்து, தைமஸைத் தாங்கி நிற்கிற அணுக்களைக் காட்டுகிற வேறு சாயத்தைப் போடச் சொன்னார். போட்டேன். என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குட்டி அணுக்களுக்கு நடுவில் பழுப்பு வலை ஒன்று ஓடியது. கரையில் மீன் வலையை உதறி விரித்தது போல, கண் கண்ணாக, அறுபடாமல் கடைசிவரை.

"பார்த்தியா? வளர்ந்திருக்குறது இந்த வலைதான். தைமஸ்லயே வந்த கட்டி. பள்ளிக்கூடக் கட்டடம் தாறுமாறாப் பெருத்துப்போச்சு. உள்ள இருக்குற குட்டி அணுவெல்லாம் நல்ல பசங்க, பாவம், படிக்க வந்தவனுங்க. அவனுங்க கையில அந்த என்சைம் இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து அவனுங்களைக் குத்தவாளின்னு நெனச்சிட்டோம். இது ரத்தப் புத்து இல்லம்மா. வெட்டி எடுத்தா போயிடும்."

அப்புறம்தான் பேப்பரைத் திருப்பினார். மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் கட்டி என்று மட்டும் எழுதியிருந்தது. "கண்ணைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்று முனகிவிட்டு எழுந்தார். "வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்."

சதையைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர ஆளைப் பார்த்ததில்லை நான். வார்டுக்குள் போனதும் அந்த ஆளின் காலைத்தான் முதலில் பார்த்தேன். பாதம் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. எங்கள் அப்பா கால். மரக்காணமா என்று கேட்டேன். ஆமாம் என்றார், சாய்ந்து உட்கார்ந்தபடியே.

டாக்டர் அவர் சம்சாரத்திடம் கேட்டார். "இவருக்குக் கண்ணு எப்படிம்மா இருக்குது?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க?" என்று அந்தம்மா ஆரம்பித்தது. "காலையில நல்லாத்தான் போறாரு. மத்தியானத்துக்கு மேல கண்ணு சொக்கிடுது. பேச்சு கொழறுது. உப்பு வாருற பலகை கையை விட்டு நழுவுதுன்னு மேஸ்திரி சொல்றாரு. குடிச்சிட்டு வேலைக்கு வர்றாருன்னு நிறுத்திட்டாங்க. நானும் எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்! எங்க பக்கம் சாராயத்துல போன உசுரு கொஞ்சமா சார்? பயமா இருக்காதா?"

அந்த ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "ஐயா, அந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் பாருங்க. தலையைத் தூக்காம, கண்ணை மட்டும் தூக்கிப் பாருங்க."

அவர் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். இமை இரண்டும் மெதுவாக, கடை ஷட்டரை ஒருத்தன் சத்தமில்லாமல் இறக்குவது போல, இறங்கி வந்தது. அவர் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கண்ணை மூடிக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி, திறக்கச் சொன்னதும் நன்றாகத் திறந்தார். அந்தக் கட்டியோடு சேர்ந்து வருகிற நோயாம் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தசையையே எதிரி என்று நினைத்துவிடுகிறது, வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துபோகிறது. இது தெரியாமல் தப்பான மருந்து ஏதாவது போயிருந்தால் மூச்சே நின்றிருக்கலாம் என்று டாக்டர் எனக்குப் பிற்பாடு சொன்னார்.

டாக்டர் விளக்கி முடிக்கும் வரை அந்தம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றது. பிறகு புருஷனைப் பார்த்து, "குடிக்கவே இல்லையா நீ?" என்றது.

"அதைத்தானேடி சொல்லிக்கினே இருந்தேன்" என்றார் அவர்.

அந்தம்மா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல். பழுப்பா நீலமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குச்சிக்குள் ஒரு மனுஷனின் மானமும் இருந்திருக்கிறதே என்று எனக்குப் பொறுக்க முடியவில்லை.

கேன்சர் மருந்து நின்றது. தசை நோய்க்கு மாத்திரை கொடுத்து, மூச்சு சரியானதும் நெஞ்சைத் திறந்து கட்டியை முழுசாக எடுத்தார்கள். கட்டி எங்கள் லேபுக்குத்தான் வந்தது, ஒரு சின்ன தேங்காய் அளவு இருந்தது. நான் அதைக் கையில் வாங்கியபோது எங்கள் கன்ட்ரோல் தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது. டாக்டரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

வார்டுக்குப் போய் அவரிடமே கேட்டோம். பரிசோதனை முடிந்து மிச்சமிருப்பதில் கொஞ்சம் நாங்கள் வைத்துக்கொள்ளலாமா, மற்றவர்களுடைய ஸ்லைடில் சாட்சிக்கு ஒட்டுவதற்கு என்று. அவர் யோசித்தார். "என்னை வேலையை விட்டுத்தான் நிறுத்துனாங்க. அதுவாச்சும் வேலைக்குப் போவட்டும் சார்" என்றார். பேப்பரில் கையெழுத்தும் போட்டார்.

இதுதான் தேன்மொழி, உன் லேபிள் பக்கத்துத் துண்டு. ரெண்டு பக்கமும் கன்ட்ரோலா என்று டாக்டர் என்னைக் கேட்டாரே, அவரையே கன்ட்ரோலாக்கிவிட்டோம். குச்சி குச்சியாகத்தான் நறுக்கி வைத்தேன், திருந்தவில்லை. பேரைக் கேட்காதே. நம்பர் போதும்.

உன் போட்டோவை எடுத்துக்கொண்டு நேற்று உப்பளத்துக்குப் போனேன். அவர் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வெயில் வெள்ளையாக அடித்தது. வரப்பில் நின்று கூப்பிட்டேன், வந்தார். போனைக் காட்டி, "இது நீதான்யா" என்றேன்.

"அட, இன்னும் வேலைக்குப் போய்க்கினு இருக்குதா அது?" என்று சிரித்தார். "நீங்களே ரிட்டையர் ஆயிட்டீங்க. அதுக்கு எப்போ?"

பிறகு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். "பக்கத்துல இருக்குறது யாரு?"

உன்னிடம் விசாரித்ததைத்தான் சொன்னேன். ஒரு குழந்தை. கழுத்தில் கட்டி, ரத்தப் புற்றோ என்று பயந்தார்கள். அந்தத் துண்டில் பழுப்பே கிடையாது, வெறும் நீலம். மற்ற டெஸ்டும் பார்த்துவிட்டு வெறும் கிருமிக் கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். "உன் துண்டு பழுப்பானதாலதான்யா அந்தக் கொழந்தை துண்டு பழுப்பாகலைங்கிறதை நம்ப முடியுது. நீ இல்லேன்னா அந்த நீலத்துக்கு அர்த்தமே கெடையாது" என்றேன்.

அவர் போனைத் திருப்பித் தரவில்லை. மத்தியானம் தாண்டிய அந்த வெயிலில், இமை ஒரு தரம்கூடச் சொக்காமல், அந்த நீலத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதோட அம்மாகிட்ட சொல்லிட்டாங்களா?" என்றார்.

"சொல்லிட்டாங்க."

"அப்போ சரி" என்று போனைக் கொடுத்துவிட்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.